புல் வெளுத்த இடம்

“நான்தான் மேடம் காரணம். எழுதிக்குங்க” என்றார் மடிப்பு மாஸ்டர்.

விசாரணை அதிகாரி பேனாவைத் திறக்கவில்லை. முகாமில் அவளுக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அது அவள் காதுக்கு எட்டாமலும் இல்லை. எதையும் இரண்டு பக்கமும் தூக்கிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். வானத்திலிருந்து பொருள் இறக்குகிற அந்த ராணுவப் பிரிவில் கயிறு அறுந்தாலும் பெட்டி சிதறினாலும், ஏன் என்று கண்டுபிடித்து எழுத வேண்டியது அவள் பொறுப்பு.

“எதுக்குக் காரணம் மாஸ்டர்?”

“குடை விரியாததுக்கு. அந்தத் தபால்காரர் கால் போனதுக்கு.”

பாராசூட் என்று அந்தக் கூடத்தில் யாரும் சொல்வதில்லை. குடை என்பார்கள். நீள நீளமான மேஜைகள், மேலே உத்திரத்திலிருந்து காயப்போட்ட வெள்ளைத் துணிகள், கீழே அவற்றை மடித்து மூட்டை கட்டும் ஆட்கள். அன்று மேஜைகள் காலியாக இருந்தன. விபத்துக்குக் காரணம் தெரியும் வரை அந்தக் கூடத்தில் மடித்த ஒரு குடையும் விமானம் ஏறக் கூடாது என்பது விதி.

மண் சரிந்து சாலையை அடித்துக்கொண்டு போனதில் மலையில் ஐந்து ஊர்கள் தனியாக மாட்டிக்கொண்டிருந்தன. மருந்தும் மாவும் வானத்திலிருந்துதான் போயாக வேண்டும். முந்தைய நாள் காலை, அதில் ஓர் ஊரில் மருந்துப் பெட்டி ஒரு வீட்டு முகப்பின் தகரக் கூரையில் விழுந்தது. கூரையின் உத்திரம் முறிந்து, அடியில் உட்கார்ந்திருந்த தபால்காரரின் வலது காலை நசுக்கியது. ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து ரேடியோவில் வந்தது ஒரே வரி: ‘பெட்டி வீட்டு மேல விழுந்துருச்சு.’ அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, குடை விரியவில்லை என்று முகாமே முடிவுகட்டிவிட்டது.

“எப்படித் தப்பு நடந்துச்சு?” என்றாள் தராசு.

மாஸ்டர் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற மணல் மூட்டைகள் அதில் வரிசையாக இருந்தன. மடிக்கும்போது துணி எழும்பாமல் இருக்க மேலே வைக்கிற கனம். மடித்து முடித்ததும் எடுத்து எண்ணிவிட்டுத்தான் குடையை வெளியே விட வேண்டும்.

“ஒண்ணு குறையுது மேடம். அது குடைக்குள்ளயே போயிருக்கு. உள்ளே கனம் மாட்டிக்கிட்டா துணி எப்படி விரியும்?”

“எண்ணலையா?”

“எண்ணலை. அன்னிக்குக் காலையில வீட்டுல சண்டை. பையன்கிட்ட என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாள் பூரா அதே நினைப்பு. கை மடிச்சுது, மனசு வேற எங்கேயோ இருந்துச்சு.”

பக்கத்தில் நின்ற உதவியாளன் தொண்டையைச் செருமினான். அவனுக்கு வெடி என்று பெயர். முகாமில் அனுமதி இல்லாமல் வெடிக்கிற ஒரே பொருள் அவன் வாய்தான் என்று யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்டது. கழுத்தில் கேமராவும் உதட்டில் ஒரு சிரிப்பும் எப்போதும் தொங்கும்.

“மாஸ்டர் ஒத்துக்கிற வேகத்தைப் பாத்தா, மலை சரிஞ்சதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுருவார் மேடம்.”

“சும்மா இரு.”

“இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். டீ ரூம் கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க அடியில ஒரு குட்டி மூட்டை வச்சிருக்காங்களே, அது யாரு வீட்டுச் சொத்து? வரும்போது என் கால் கட்டைவிரல் அதுகிட்டதான் நலம் விசாரிச்சுது.”

தராசு அவனை ஒரு கணம் பார்த்தாள். “போய் எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தான். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இருந்தது அவர் போட்ட தையல்தான். காணாமல் போன மூட்டை தட்டில் வந்து உட்கார்ந்தது. ஆனால் அவர் முகத்தில் வெளிச்சம் வரவில்லை.

“அப்ப முடிச்சுல தப்பு பண்ணியிருப்பேன்” என்றார் மெதுவாக. “ஏதோ பண்ணியிருக்கேன் மேடம். இல்லாட்டி ஒரு மனுஷன் கால் ஏன் போகுது?”

வெளியே வந்ததும் கமாண்டர் வழிமறித்தார். “ஆள் ஒத்துக்கிறார்ல? எழுதிக் கொடுத்துருங்க. அவர் மடிச்சதை மட்டும் ஒதுக்கிட்டு மத்தக் குடைகளை ஏத்திடலாம். அஞ்சு ஊரு பட்டினி கிடக்குது.”

“அவர் மேல தப்பு இல்லைன்னா, நாளைக்கு நல்ல குடையிலயும் இன்னொரு கால் போகும் சார்.”

“எப்பச் சொல்வீங்க?”

“சாயங்காலத்துக்குள்ள. காயக்காரங்களை ஏத்தப் போற ஹெலிகாப்டர்ல ரெண்டு இடம் கொடுங்க.”

*

ஹெலிகாப்டரில் வெடி வாய் ஓயவில்லை. போன வாரம் அந்த ஊருக்குப் போய், பெட்டி எங்கே விழ வேண்டும் என்று விமானத்துக்குக் காட்டுகிற துணியை விரித்துப் பயிற்சி கொடுத்தவனே அவன்தான்.

“நல்ல சனங்க மேடம். முதல் நாள் என்னைப் பாத்ததும், சாப்பாட்டுக்குப் பதிலா ஆளைப் போட்டிருக்காங்களேன்னு வருத்தப்பட்டாங்க. போகும்போது விடவே மாட்டேன்னுட்டாங்க.”

“உன் பேச்சுக்கா?”

“என் பேச்சுக்குத்தான். வீடு போச்சு, ரோடு போச்சுன்னு உம்முன்னு உட்கார்ந்திருந்தவங்க. பயிற்சி முடியுறதுக்குள்ள பூராப் பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சாங்க.”

பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது. வெடி முதலில் குதித்தான். திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மைதானத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். பிறகு கேமராவின் மூடியைக் கழற்றுவதில் மும்முரமானான்.

ஊர் ஆட்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் மளிகைக்கடைக்காரர். தடித்த உடம்பு, அடிக்கடி கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம். “எதையும் தொடலை மேடம். ரேடியோவுல சொன்ன மாதிரி அப்படியே வச்சிருக்கோம்.”

தபால்காரர் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. ஒருபக்கம் வீடு, மறுபக்கம் சரிவைத் தாங்குகிற கல்சுவர், நடுவில் ஒடுக்கமான ஒரு புல்திட்டு. முகப்புக் கூரை வாயைப் பிளந்து கிடந்தது. உடைந்த தகரத்தின் மேல் பெட்டி சாய்ந்திருந்தது. குடைத்துணி கூரையிலும் பக்கத்து மரத்திலும் அகலமாகப் படர்ந்திருந்தது.

தராசு பெட்டியின் பட்டையை அறுத்துத் திறந்தாள். உள்ளே கண்ணாடிக் குப்பிகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அடுத்ததையும் எடுத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பெட்டிக்கு அடியில், அடி வாங்குவதற்காகவே வைக்கிற தேன்கூடு போன்ற அட்டை, நாலு மூலையிலும் சீராக நசுங்கியிருந்தது.

விரியாத குடையோடு விழுந்திருந்தால் அட்டை மாவாகியிருக்கும். குப்பிகள் பொடியாகியிருக்கும். குடை ஒழுங்காக விரிந்திருக்கிறது. ஒழுங்காக விரிந்தாலும் பெட்டி பஞ்சு போல இறங்குவதில்லை. இறக்கத்தில் பிரேக் இல்லாமல் வருகிற சைக்கிள் வேகத்தில்தான் வரும். அதனால்தான் ஆளும் வீடும் இல்லாத வெட்டவெளியில் இறக்கச் சொல்கிறார்கள்.

“குப்பி உடையலை. மனுஷன்தான் உடைஞ்சிருக்கார்” என்றாள்.

வழக்கமாக இப்படி ஒரு வரியை அவள் வாயிலிருந்து பிடுங்கிப் பேசுகிறவன் வெடி. அவன் மரத்தில் சிக்கிய துணியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தான்.

அப்படியானால் மாஸ்டர் இல்லை. விமானி? அவன் துணியைப் பார்த்துத்தான் பெட்டியைத் தள்ளினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். தராசு திரும்பிப் பார்த்தாள். துணி புல்திட்டில் கிடந்தது. ஆரஞ்சு நிறத்தில் பெரிய கூட்டல் குறி, நாலு முனையிலும் கல். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. குறி வைத்த இடத்தில்தான் விமானி போட்டிருக்கிறான். காற்று கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அவ்வளவுதான்.

“இந்தத் துணி எப்ப இருந்து இங்கே இருக்கு?”

“அங்கேதான் மேடம் எப்பவும் இருந்துச்சு” என்றார் மளிகைக்கடைக்காரர்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டாள். “அங்கேதான் மேடம் எப்பவும் இருந்துச்சு.”

மூன்றாவதாக ஒரு பெரியவரின் பக்கம் திரும்பியதுதான் தாமதம். “அங்கேதான் மேடம்...” என்று ஆரம்பித்துவிட்டார்.

“போதும்ங்க. எல்லாரும் ஒரே வாத்தியார்கிட்ட மனப்பாடம் பண்ணியிருக்கீங்க” என்றாள் தராசு.

குனிந்து ஒரு கல்லை நகர்த்தித் துணியின் முனையைத் தூக்கினாள். அடியில் புல் பச்சைப் பசேல் என்று இருந்தது. ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூ, நசுங்கியிருந்தாலும் நிறம் மாறாமல் அவளைப் பார்த்தது.

துணியைக் கீழே விட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள். கூட்டம் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தது. கடைசியில் வெடி வந்தான்.

பள்ளிக்கூட மைதானத்தின் நடுவே போய் நின்றாள். சுற்றிலும் பச்சை. அவள் காலடியில் மட்டும் புல் வெளுத்து, பல நாள் படுக்கையில் கிடந்தவன் தோல் நிறத்தில் இருந்தது. அந்த வெளுப்புக்கு நாலு கை. பெரிய கூட்டல் குறி.

“ஊரே கூடிப் பேசி வச்சிருக்கீங்க” என்றாள். “கூட்டத்துக்கு இந்தப் புல்லைக் கூப்பிட மறந்துட்டீங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு தெரியலை.”

யாரும் சிரிக்கவில்லை.

“வெயில் படாம பல நாள் மூடிக் கிடந்தாத்தான் புல்லு இப்படி ஆகும். துணி இருந்தது இங்கே. அங்கே போனது நேத்துக் காலையில. யாரு எடுத்துட்டுப் போனது?”

மளிகைக்கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“யாருன்னு கேக்காதீங்க மேடம். ஏன்னு கேளுங்க. முதல் தடவை பெட்டி இங்கே மைதானத்துல விழுந்துச்சு. பக்கத்துல குடியிருக்கிறவங்க நாங்க. விழுந்ததும் பாய்ஞ்சோம். தபால்காரருக்குச் சர்க்கரை. ஊசி மருந்து இல்லாம ஆளு துவண்டு போயிட்டார். அவர் சம்சாரம் கடைசி வீட்டுல இருந்து ஓடி வர்றதுக்குள்ள சர்க்கரை மருந்து தீர்ந்துபோச்சு. எங்க அப்பாவுக்கும் சர்க்கரைதான். ஒரு குப்பி போதும். மூணு எடுத்தேன்.”

மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு இன்னும் வீட்டுல இருக்கு மேடம். நேத்து அந்த மனுஷனைத் தூக்கிட்டுப் போனப்ப, கொண்டுபோய்க் கொடுத்துடலாமான்னு நினைச்சேன். எந்த முகத்தோட கொடுக்கிறது? அதான், துணி அங்கேயே இருந்துச்சுன்னு சொல்லிடலாம்னு பேசிக்கிட்டோம். அதையாவது செய்வோம்னு.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தைய நாள் உடுத்திய புடவையே. ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

“நான்தான் இழுத்துட்டுப் போனேன்” என்றாள். “விடியுறதுக்கு முன்னாடி. அவரு என் வீட்டுக்காரர்.”

“பெட்டி விழுற இடத்துல ஆளே இருக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தாங்களா இல்லையாம்மா?”

“சொன்னாங்க. துணி மேலதான் விழும்னு நினைச்சேன். காத்து தள்ளும்னு தோணலை. அவரு உள்ளேதான் படுத்திருந்தார். விமானச் சத்தம் கேட்டு எப்ப வெளிய வந்து உட்கார்ந்தார்னு எனக்குத் தெரியாது.”

“வாசல்ல விரிக்கலாம்னு யாரு சொன்னாங்க?”

“யாரும் சொல்லலை.”

பதில் கொஞ்சம் முந்திக்கொண்டு வந்தது. சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். தராசு அவளைப் பார்க்கவில்லை. திரும்பி, கூட்டத்துக்குக் கடைசியில் நின்ற தன் உதவியாளனைப் பார்த்தாள்.

“நீ இன்னிக்கு இங்கே இறங்கினதுல இருந்து ஒரு ஜோக்கும் அடிக்கலை.”

வெடி கேமராவின் மூடியைப் போட்டான்.

“இந்த மைதானத்துல துணி விரிச்சுக் கொடுத்தது நீ. அது இங்கே இல்லைன்னு இறங்கின நிமிஷமே உனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்கிட்ட சொல்லியிருக்கணும். நானா கேக்கலை, நீயே சொல்வேன்னு இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.”

“அவர் ஒண்ணும் தப்பா சொல்லலைம்மா” என்று அந்தப் பெண் குறுக்கே வந்தாள். “அந்தத் தம்பி நல்ல பிள்ளை. எங்களைச் சிரிக்க வச்சுட்டுப் போச்சு.”

“இருங்கக்கா” என்றான் வெடி. குரல் அவனுடையது போலவே இல்லை. “நான் சொல்றேன்.”

கேமராவின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டான்.

“பயிற்சி முடிஞ்சதும் இந்த அக்கா கேட்டாங்க மேடம். எங்க வீடு கடைசி வீடு, ஓடி வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது, என்ன பண்றதுன்னு. அதுக்கு நான் பதில் சொல்லியிருக்கணும். நோயாளி இருக்கிற வீட்டுப் பேரை எழுதிக்கிட்டு, தனியாப் பொட்டலம் போடச் சொல்லியிருக்கணும். சொல்லலை. சுத்தி இருபது முப்பது பேர் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க.”

“என்ன சொன்னே?”

“ஊருக்கெல்லாம் வாசல்ல கொண்டுபோய்க் கொடுக்கிறவர் உங்க வீட்டுக்காரர், அவருக்கு நாங்க வாசல்ல கொண்டுவந்து கொடுக்க மாட்டோமா? துணியை உங்க வாசல்ல விரிங்கக்கா, பெட்டி தானா வந்து கதவைத் தட்டும்னேன்.”



“எல்லாரும் சிரிச்சாங்க” என்றான். “அக்காவும் சிரிச்சாங்க. சிரிச்சதால புரிஞ்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“நானும் விளையாட்டுன்னுதான் நினைச்சேன்” என்றாள் அந்தப் பெண். “முந்தாநாள் ராத்திரி அவருக்கு நினைவு தப்ப ஆரம்பிச்சுது. அப்ப யோசிச்சேன். துணி விரிக்கச் சொல்லிக் கொடுக்க வந்தவரே சொல்லியிருக்கார். சும்மாவா சொல்வார்னு.”

வெடி கண்ணை மூடிக்கொண்டான்.

தராசு அவன் அருகே போனாள். கழுத்திலிருந்து கேமராவைத் தானே கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். “விபத்துக்குக் காரணத்துல பங்கு இருக்கிறவங்க விசாரணையில இருக்கக் கூடாது. விதி உனக்கே தெரியும். இந்த நிமிஷத்துல இருந்து நீ என் உதவியாளன் இல்லை. சாட்சி.”

“சரி மேடம்.”

“இன்னொண்ணும் கேட்டுக்கோ. பயிற்சிக்கு ரெண்டு பேர் போகணும். ஒருத்தர் தப்பாச் சொன்னா இன்னொருத்தர் திருத்தணும், அதுக்குத்தான் அந்த விதியே. ஆள் பத்தலைன்னு உன்னைத் தனியா அனுப்பினது யாரு?”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கையெழுத்துப் போட்டது நான்” என்றாள். “அறிக்கையில அதைத்தான் முதல்ல எழுதப் போறேன். என் மேலயே விசாரணை வரும்னா வேற அதிகாரி வந்து முடிக்கட்டும். குடையில குறை இல்லைங்கிறதை மட்டும் இப்பவே சொல்லியாகணும்.”

ஹெலிகாப்டரில் இருந்த ரேடியோவில் முகாமைப் பிடித்தாள். பெட்டி இருந்த நிலை, அட்டை நசுங்கிய விதம், துணி இடம் மாறியது என்று பார்த்ததை மட்டும் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. முதல் தகவலில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் இருக்கலாம். யார் மேல் குற்றம் என்பது இருக்கக் கூடாது. குடைகளை விடலாம் என்றார் கமாண்டர். பெருமூச்சு இங்கே வரை கேட்டது.

பிறகு ரேடியோவில் வேறொரு குரல். மடிப்பு மாஸ்டர்.

“மேடம், குடை விரிஞ்சுதா?”

“விரிஞ்சுது மாஸ்டர். நல்லாவே விரிஞ்சுது.”

“அப்ப நான்?”

“எண்ணாம அனுப்பினது உங்க தப்பு. அதை எழுதுவேன். அந்தக் கால் போனது உங்களால இல்லை. வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போய்ப் பையன்கிட்ட பேசுங்க.”

அவர் ரேடியோவை வைக்கவில்லை. தராசுதான் அணைத்தாள்.

முந்தைய நாள் காயக்காரர்களே நிறைந்திருந்ததால் தபால்காரரின் மனைவிக்கு ஹெலிகாப்டரில் இடம் கிடைக்கவில்லை. இன்று ஏறினாள். ஏறுவதற்கு முன் மளிகைக்கடைக்காரர் ஓடி வந்து ஈரத்துணியில் சுற்றிய இரண்டு குப்பிகளை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் ஏதாவது திட்டினால் தேவலை என்பது போல அவர் அங்கேயே நின்றார்.

ஹெலிகாப்டர் மேலே எழும்பிய பிறகு அவள் வெடியின் காதருகே குனிந்தாள்.

“துணியை இழுத்தது நான்னு அவருக்குத் தெரியாது தம்பி. நான் தனியாச் சொல்ல மாட்டேன். கூட வாங்க.”

*

ஆஸ்பத்திரியின் நீள வார்டில் ஜன்னலோரக் கட்டில். தபால்காரர் விழித்துத்தான் இருந்தார். ஒடிசலான மனிதர். நடந்து நடந்து வெயில் ஏறிய முகம். போர்வை ஒரு பக்கம் பாதம் வரை மேடாக இருந்தது. மறுபக்கம் முழங்காலோடு சரிந்து தட்டையாகிவிட்டது.

மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். தலைமாட்டுக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“என்னங்க, துணியை வாசலுக்கு இழுத்துட்டு வந்தது நான்தான்” என்றாள்.

வெடி மீதியைச் சொன்னான். அந்த ஜோக்கையும் சொன்னான், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். ஆஸ்பத்திரி வார்டில், சிரிக்காத முகத்தோடு சொன்னபோது அது ஜோக்காகவே இல்லை. முகவரி சொல்கிற மாதிரி இருந்தது.

தபால்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நர்ஸ் ஒருத்தி வந்து பக்கத்துக் கட்டிலில் சலைன் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள்.

“நீ இழுத்துட்டு வந்ததை நான் பாத்தேன்” என்றார்.

மனைவி நிமிர்ந்தாள்.

“ஜன்னல் வழியா. நினைவு வந்து வந்து போய்க்கிட்டு இருந்துச்சு. ஆனா அதைப் பாத்தேன். கல்லு எடுத்து வச்சே. எதுக்கு இதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டா பயந்து திருப்பி எடுத்துட்டுப் போயிடுவியோன்னு கேக்கலை. மருந்து எனக்குத்தானே.”

“நீங்க ஏன் வெளிய வந்தீங்க?” என்றாள். “உள்ளே இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதே.”

“முதல் ஆளா எடுக்கணும்னுதான். போன தடவை நீ வெறுங்கையோட வந்து கதவுகிட்ட நின்னியே. இந்தத் தடவை எவனும் வர்றதுக்கு முன்னாடி நானே எடுத்துடணும்னு தவழ்ந்து வந்து உட்கார்ந்தேன்.”

அவள் தலைமாட்டுக்குப் போனாள். தலையணையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவர் கை அவள் தலைமேல் போய் நின்றது. தடவவில்லை. சும்மா கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெடியைப் பார்த்தார். “வேலை போயிடுமா?”

“தெரியலைங்க. போனாலும் நியாயம்தான்.”

“நியாயம் கிடக்கட்டும். இனிமே யாராவது உங்ககிட்ட ஒண்ணு கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அப்புறம் சிரிக்க வைங்க.”

“சரிங்க.”

“அப்ப உட்காருங்க.”

“பரவாயில்லைங்க, நிக்கிறேன்.”

“உங்களுக்காகச் சொல்லலை” என்றார் தபால்காரர். “யாரு நின்னாலும் இப்ப எனக்குக் கோபம் வருது.”

வெடி பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான். வாசலில் சாய்ந்து நின்றிருந்த தராசு, தனக்கும் ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தாள். கிடைக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.